ஜன்னல் ஓரத்து நாற்றம்

போன வாரம் கூடத்தில் நடந்த பஞ்சாயத்தை இந்த வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்து, நாலு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்தாவது ஆளின் தலையெழுத்தை முடிவு செய்தார்கள். அந்த ஐந்தாவது ஆள் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்திருந்தார். கதவைச் சாத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. காதுக்கு ஒரு கேடும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மகன் தன் பெண்ணைக் கொடுக்கப்போகும் சம்பந்தி வீட்டார் முதல் முறையாக வருகிறார்கள். அதற்குள் வெளிப்பூச்சு முடிய வேண்டும். வீட்டில் அடிக்கிற நாற்றம் போக வேண்டும். நாற்றம் போக வேண்டுமென்றால் அப்பா போக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசியாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வரும்.

இன்று சனிக்கிழமை.

சின்ன மருமகள், நம்முடைய சின்னவள், காலையில் வெந்நீர் வாளியோடு மாமனாரின் அறைக்குள் நுழைந்தபோதே குமட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. வந்து குவிகிற துணியைப் பிரித்துப் போடுவதற்குக் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புவாள். சட்டையை முகர்ந்தே போட்டவன் சமையல்காரனா, சிகரெட் பிடிப்பவனா, மருந்துக்கடைக்காரனா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக இந்த நாற்றத்தில் குடித்தனம் நடத்துகிறாள், பாவம். தட்டை எடுத்து வைத்தால் சாப்பாடு தொண்டைக்குள் இறங்குவதில்லை. தலைமுடியில்கூட அந்த நாற்றம் ஏறிவிட்டது போல ஒரு எண்ணம்.

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தாள். துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள், விரிப்பை மாற்றினாள், பவுடர் போட்டாள், நகம் வெட்டினாள். இதற்கு மேல் ஒரு மனிதனைத் துவைக்க முடியாது. முடித்துவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாற்றம் அசையவே இல்லை.

டொக்.

மாமனார் இடது கையில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக் கட்டில் கம்பியில் தட்டினார். பிறகு டம்ளராலேயே ஜன்னலைக் காட்டினார். டொக், டொக். மறுபடியும் ஜன்னல்.

"திறக்கக் கூடாது மாமா. வெளியில பூச்சு காயணும். கதவு இடிச்சா ஓரம் பேந்துடும்னு பெரிய அத்தான் சொல்லியிருக்காங்க இல்ல?"

அவர் தலையை வேகமாக ஆட்டினார். கண்ணில் நீர் கட்டியது. டொக். ஜன்னல். பத்து நாளாக இதே கூத்துதான். "அப்பா ஜன்னலை ஏலம் விடறார்" என்று பெரிய மகன் ஒருநாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாமனார் ஏலக்காரராக இருந்தவர். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் குரல் கொடுத்தால், வாங்கும் எண்ணமே இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவன்கூடக் கையைத் தூக்கிவிடுவானாம். இந்த வீட்டைக் கட்டியபோது ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஏலத்திலேயே எடுத்தார். ஒன்று இடித்த பள்ளிக்கூடத்தினுடையது, ஒன்று பழைய தபாலாபீசினுடையது, மற்றவை எங்கிருந்து வந்தன என்று அவருக்கே நினைவில்லை. ஒன்றாவது அதன் இடத்தில் சரியாகப் பொருந்தியதா என்றால் இல்லை. சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு பக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் கையே நுழையும். சந்தில் சாக்கைத் திணித்துவிட்டு, "பூசும்போது பாத்துக்கலாம்" என்றார். பூசுகிற நாள் வருவதற்குள் அவரே விழுந்துவிட்டார். வெளிப்பக்கம் வெறும் செங்கல்லாகவே நின்ற வீட்டை இப்போதுதான் பெரிய மகன் பூசுகிறார்.

அந்தப் பெரிய மகனுக்கு முதுகுக்குப் பின்னால் வீட்டில் வழங்கும் பெயர் எலிவேஷன். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து, வீட்டின் முகப்பைக் குறிக்கும் அந்த இங்கிலீஷ் சொல்லைத் தவிர அவர் வாயில் வேறு சொல்லே வரவில்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டே தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்து, வீட்டைப் பார்ப்பார். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ஒரே அகலத்தில் பட்டை வர வேண்டும். பூச்சில் எங்கும் ஒட்டு தெரியக் கூடாது. அப்பா வாங்கிப்போட்ட கோணல் ஜன்னல்களை அவர் கரித்துக் கொட்டாத நாளில்லை.

இப்போது அவரே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். அறைக்குள் கால் வைக்கவில்லை.

"அந்த மெத்தையத் தூக்கி எறிஞ்சிடும்மா. சாயங்காலம் ரூமைப் பூரா கழுவி விடணும். நாளைக்கு அவங்க கார் இந்த ஜன்னலுக்கு நேராதான் வந்து நிக்கும்."

"மாமா சாயங்காலம் வரைக்கும் எதுல படுப்பாங்க அத்தான்?"

"கூடத்துல உக்கார வை. இன்னும் கொஞ்ச நேரந்தானே."

கொஞ்ச நேரம்தானாம். பெற்ற அப்பனைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கூச்சம் அந்தக் குரலில் துளிகூட இல்லை. ஆனால் சின்னவளுக்கு அவரைக் குறை சொல்ல வாயில்லை. போன வாரம் தலையாட்டியவர்களில் அவளும் ஒருத்தி. இந்த நாற்றத்தை இனித் தாங்க முடியாது என்று முதலில் சொன்னதே அவள்தான்.

புருஷனைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கடவுள் கொடுத்த ஒரே வரம், அண்ணன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது. ஊரில் அவனை ஆமாம் சாமி என்றே கூப்பிடுகிறார்கள்; நாம் மரியாதையாகச் சின்னவன் என்போம். இரண்டு பேருமாக மாமனாரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெத்தையைச் சின்னவன் சுருட்டிப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டான்.

சின்னவள் மாமனாரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

பவுடர் வாசனை. சோப்பு. வயதானவர்களின் தோலில் வருகிற லேசான ஒரு பழைய வாசனை. அவ்வளவுதான்.

அவள் அவருடைய கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தாள். முதுகுப் பக்கம் போய் முகர்ந்தாள். கால்மாட்டில் குனிந்து முகர்ந்தாள்.

"ஏய், என்ன பண்றே?" என்றான் சின்னவன்.

பதில் சொல்லாமல் எழுந்து காலியான அறைக்குள் போனாள். கட்டிலில் ஆளில்லை, மெத்தையில்லை, விரிப்பில்லை. நாற்றம் மட்டும் சட்டமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"இங்க வாங்க. வந்து மோந்து பாருங்க."

"எனக்கு வேண்டாம்மா..."

"வாங்கன்னா வாங்க! மனுஷன் வெளியில வந்தாச்சு. நாத்தம் உள்ளயே இருக்கு. அது மாமாகிட்டேருந்து வரல."

சின்னவன் வந்தான், முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான். "ஆமா... இல்ல?" என்றான். ஒரு விஷயத்தைக்கூட முழுசாக ஒப்புக்கொள்ளத் தெரியாத பிறவி.

அவள் சுவரோரமாக மூக்கை வைத்துக்கொண்டே நகர்ந்தாள். பார்த்தால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். ஜன்னலுக்குக் கீழே, புதிதாகச் சுவரில் பதித்திருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாயில் காகிதம் திணித்திருந்தது. அங்கே இல்லை. ஜன்னலின் வலது ஓரத்துக்கு வந்ததும் நாற்றம் கூடியது. சட்டத்தை ஒட்டி உள்பக்கப் பூச்சில் மயிரிழை விரிசல். அதற்குள் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. போகிற எறும்பின் வாயில் ஒன்றுமில்லை. வருகிற எறும்பின் வாயில் ஏதோ இருந்தது. அது என்ன என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். கொத்தனார் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டையான ஆள், வாய் மட்டும் நீளம். இந்த வீட்டு ஜன்னல்களைப் போல ஒரு பாவத்தைத் தன் தொழிலில் கண்டதில்லை என்று தெருவுக்கே சொல்லிச் சிரிப்பவர்.

"கொத்தனாரே, இந்த ஓரத்துல பெரிய சந்து இருந்துச்சே. என்ன வச்சு மூடினீங்க?"

"அரைச் செங்கல்லு, கலவை. வேற என்னத்த வைப்பாங்க?"

"மூடும்போது உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டி முடிக்கும் வரை அவள் நகரவில்லை.

"அணில் கூடும்மா" என்றார் கடைசியில். "குஞ்சுங்க. கண்ணுகூட முழிக்கல. நான் சார்கிட்ட சொன்னேன். இந்த ஓரத்த மட்டும் கொஞ்ச நாள் விட்ருவோம், அதுங்களே வளந்து ஓடிடும்னேன். அப்புறம் பூசினா ஒட்டு தெரியும், ஒரே மூச்சுல பூசிடுன்னுட்டாரு."

"நீங்களும் பூசிட்டீங்க."

"சொன்னதைச் செய்யற ஆளு நான். எனக்கென்ன வந்துச்சு?"

"தாய் அணில்?"

"அது இரை தேடப் போயிருந்துச்சு போல. அன்னிக்குச் சாயங்காலம் வந்து ஓரம் பூரா பறிச்சு வச்சிருக்கு. பூச்சு அப்போ ஈரந்தானே? மறுநாள் காலைல வந்து பாத்தா ஒரே கீறல். சார் என்னைப் பிடிச்சு ஏறிட்டாரு. சிமெண்ட் பால் அடிச்சு மறுபடியும் கட்டை போட்டுத் தேச்சு விட்டேன்." கொத்தனார் ஜன்னல் ஓரத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். முகத்தில் ஒரு பெருமை. "பாருங்க, இப்ப ஒரு கீறல் தெரியுதா?"

தெரியவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் அதைத் தடவிய கையைப் பார்க்கவே சின்னவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சிமெண்ட் தெறித்த ஜன்னல் கண்ணாடி வழியாக அறைக்குள் பார்த்தாள். கட்டில் நேர் எதிரே. படுத்திருப்பவருக்கு இந்த ஓரத்தைத் தவிர வேறு காட்சியே கிடையாது. கூடு கட்டியதைப் பார்த்திருப்பார். மூடியதைப் பார்த்திருப்பார். சாயங்காலம் முழுக்கத் தாய் அணில் வந்து பறித்ததையும் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுக் கட்டிலைத் தட்டியிருக்கிறார். இவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

எலிவேஷன் முன்பக்கச் சுவரோரம் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, பெரியவள், வாசல் கம்பிக்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் நேராகப் போய் நின்றாள்.

"அத்தான், அந்த நாத்தம் மாமா மேலேருந்து வரல. ஜன்னல் ஓரத்துல குஞ்சுங்களை வச்சுப் பூசியிருக்கீங்க. உள்ளயே செத்து அழுகிக் கெடக்கு."

"மெதுவாப் பேசு. தெருவுல ஆள் போறாங்க."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எல்லாரும் மாமாவைச் சொல்லும்போது சும்மா இருந்தீங்க."

"இங்க பாரும்மா, எலிக்கும் அணிலுக்கும் பயந்தா வீடு பூச முடியாது. நாத்தம் எத்தனை நாளைக்கு இருக்கும்? காஞ்சா தானாப் போயிடப் போகுது."

"தானாப் போயிடும்னா மாமாவை எதுக்கு அனுப்பறோம்?"

அவர் ஒரு தொட்டியைத் தூக்கி இடம் மாற்றி வைத்தார். பிறகு பழைய இடத்திலேயே வைத்தார். "அது வேற விஷயம்."

"நாத்தம் அடிக்குதுன்னுதானே முடிவு பண்ணினோம்?"

"அது வேற விஷயம்னு சொல்றேன் இல்ல!" என்றவர், குரலை உடனே இறக்கிக்கொண்டு பூசி மெழுகினார். "அங்க நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வராரு. அப்பாவோட நல்லதுக்குத்தான். நான் பெயிண்ட் எடுத்துட்டு வரேன். அந்த ஓரத்துல யாராவது கை வச்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் இப்போதும் மனிதராக இல்லை என்று சின்னவளுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்வதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.

"எதுக்கு வம்பு?" என்றாள் பெரியவள், துடைப்பதை நிறுத்தாமல். "அவரு முடிவு பண்ணிட்டா பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது. உனக்கும்தானே நல்லது? வாளியும் துணியுமா எத்தனை நாளைக்கு அல்லாடுவே?"

சின்னவள் கொத்தனாரின் சாக்குப் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தாள்.

"அம்மா, வேண்டாம்மா. என் தலை உருளும்" என்றார் கொத்தனார்.

"உருளட்டும்."

சின்னவன் ஓடி வந்தான். "ஏய், அண்ணன் வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"உங்க அண்ணன்கிட்ட கேட்டுத்தான் மூச்சு விடுவீங்களா? தள்ளுங்க. இல்லேன்னா நீங்க உடைங்க."

அவன் தள்ளி நின்றான்.

முதல் அடியில் பூச்சின் மேல்தோல் மட்டும் சிதறியது. நன்றாகத்தான் பூசியிருந்தார் பாவி. நாலைந்து அடி விழுந்த பிறகு கூர்மையான அந்த அழகான விளிம்பு கை நீளத்துக்குப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. அரைச் செங்கல் ஆடியது. உளியைக் கொடுத்து நெம்பினாள்.

உள்ளேயிருந்து வந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கொத்தனார் இரண்டு எட்டு பின்னால் போனார். சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, சந்துக்குள் விட்டாள்.

சாக்கு நார், பஞ்சு, காய்ந்த புல். மெத்தென்று ஒரு கூடு. மாமனாரின் பழைய போர்வையிலிருந்து உருவிய நீல நூல்கூட அதில் இருந்தது. நடுவில் கைவிரல் பருமனில் மூன்று. மூன்று என்று எண்ண முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவற்றின் மேல் எறும்பு, எறும்புக்கு அடியில் நெளிகிற வேறு ஏதோ. பிளாஸ்டிக் வழியாக அந்தக் கொழகொழப்பு கைக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் வாளியில் போட்டாள். சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது. பின்பக்கம் ஒரு மூலையில் குழி தோண்டி, வாளியைக் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மிதித்தாள். சந்துக்குள் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். ஜன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்தாள்.

அறையை நாலு முறை கழுவி, ஈரம் காய்ந்து, அவள் உள்ளே வந்து மூச்சை இழுத்தபோது பினாயில் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

மெத்தையைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, சின்னவனோடு சேர்ந்து மாமனாரை மறுபடி கட்டிலில் படுக்கவைத்தாள். அவர் உடைந்த ஓரத்தையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டம்ளரைத் தேடவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா" என்றாள் சின்னவள். "நானும் உங்களைத்தான் நெனச்சேன்."

அவர் கையை விடவில்லை. அவளுக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூசியது.

வெளியே கொத்தனார் உடைந்த ஓரத்தை அளந்து பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். "இதோட நின்னுது, நல்ல வேளை. கீழ அந்தக் குழாயில அடி பட்டிருந்தா மறுபடி பதிக்கணும்."

சின்னவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "அது எதுக்குக் குழாய்?"

"ஏசிக்கும்மா. தண்ணி வெளிய போக வேணாமா? மாப்பிள்ளை ரூமாச்சே."

"எந்த மாப்பிள்ளை?"

"சாரோட வரப்போற மருமகன்தான். கல்யாணத்துக்கப்புறம் வந்தா போனா தங்கறதுக்கு இந்த ரூம்தான்னு சார் சொன்னாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"எப்போ சொன்னாரு?"

"குழாயைப் பதிச்சுட்டுத்தானே பூச முடியும்? பூசறதுக்கு முன்னாடியே."

சின்னவள் அந்தக் குழாயைக் குனிந்து பார்த்தாள். கூட்டை மூடுவதற்கு முன்பே குழாயைப் பதித்தாகிவிட்டது. நாற்றம் அடிப்பதற்கு முன்பே இந்த அறைக்கு வேறு ஆள் வைத்தாயிற்று. நாற்றம் பிறகு வந்தது. வந்த நாற்றம் வசதியாகப் போய்விட்டது. எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, மூக்கைப் பொத்தவைத்து, தலையாட்டவைத்திருக்கிறார். மனிதர் என்னமாய் யோசித்திருக்கிறார்! வாளியில் பார்த்ததைவிட இது அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

பெயிண்ட் டப்பாக்களோடு எலிவேஷன் திரும்பி வந்தார். வந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"யாரு உடைச்சது? எவ்வளவு நீளம் பேந்து போச்சு பாரு! ராத்திரிக்குள்ள இதை எப்படிச் சரி பண்றது? பண்ணினாலும் ஒட்டு தெரியுமே!"

"நான்தான் உடைச்சேன்" என்று சின்னவள் வாசலுக்கு வந்தாள். "நாத்தம் போயிடுச்சு அத்தான். வந்து மோந்து பாருங்க. வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க."

"வண்டி வந்துட்டே இருக்கு."

"மாப்பிள்ளைக்கு ஏசி எப்போ வருது?"

எலிவேஷன் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் சாரக் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமானார். பெரியவள் கம்பிக்கதவை விட்டுவிட்டு உள்ளே நழுவினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

"ஆமா, ரூம் வேணும்தான்" என்றார் எலிவேஷன். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வீடு என் பேர்ல இருக்கு. பூச்சு என் செலவு. எனக்கு ஒரு ரூம் கேக்க உரிமை இல்லையா? அப்பாவுக்கு எங்க படுத்தா என்ன? மேல பாத்துட்டுப் படுத்திருக்கறவருக்கு எல்லா மோட்டுவளையும் ஒண்ணுதான்."

சொன்னது காதில் விழுந்திருக்கும். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

வண்டி வந்து வாசலில் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு ஆட்கள் தள்ளுபடுக்கையோடு இறங்கினார்கள். எலிவேஷன் அவர்களைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று வரவேற்று அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்தார்; சின்னவளும் பின்னாலேயே வந்தாள். சம்பந்திக்குப் பழகிப் பார்க்கிறார் போலிருக்கிறது. சின்னவன் அப்பாவின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றான். காலையிலேயே அண்ணன் கட்டிவைக்கச் சொன்ன பை.

டொக்.

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். மாமனார் தலையணையில் நிமிர்ந்திருந்தார். டம்ளர் கையில் இருந்தது. இந்த முறை அவர் ஜன்னலைக் காட்டவில்லை. டம்ளரின் விளிம்பைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

பெரிய மகனைப் பார்த்தார். சின்ன மகனைப் பார்த்தார். அவசரப்படாமல், ஏலக் கூட்டத்தை அளவெடுக்கிற அந்தப் பழைய பார்வை.

டொக்.

ரெண்டாம் தரம். டம்ளர் கம்பிக்கு மேலே தூக்கியபடி நின்றது. இறங்கவில்லை. வந்த ஆட்களுக்கு ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் புரிந்தது. சந்தையில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். எலிவேஷன் சுவரைப் பார்த்தார். சின்னவன் பையின் வாரைப் பார்த்தான்.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் சின்னவள்.

மறுபடியும் உரக்கச் சொன்னாள். "மாமாவை நான் எடுத்துக்கறேன்."

டொக்.

டம்ளர் கம்பியில் இறங்கிய வேகத்தில் கையிலிருந்து நழுவி, தரையில் உருண்டு, எலிவேஷனின் செருப்பில் முட்டி நின்றது. மாமனாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புதான். வேறு மாதிரிச் சிரிக்க அவருக்கு இப்போது வழியில்லை.

"நல்லா இருக்கு நாடகம்" என்றார் எலிவேஷன். காலால் டம்ளரைத் தள்ளினார். "எடுத்துக்க. தாராளமா எடுத்துக்க. ஆனா இந்த வீட்டுல வச்சுக்க முடியாது. அவரை எடுத்துக்கறவங்க அவரோடயே கெளம்பணும். வண்டிதான் நிக்குதே, நீயும் ஏறு."

"ஏறறேன். ஆனா நீங்க சொல்ற எடத்துக்கு இல்ல."

எங்கே போவது என்று அவளுக்கும் தெரியவில்லை. அதை முகத்தில் காட்டாமல் குனிந்து டம்ளரை எடுத்து, முந்தானையில் துடைத்து, மாமனாரின் கையில் கொடுத்தாள். சக்கர நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தாள். பிறகு வாசலில் நிற்கும் புருஷனிடம் திரும்பினாள்.

"பையைக் குடுங்க. இல்ல, நீங்களே தூக்கிட்டு வாங்க. எதுன்னாலும் இப்பவே சொல்லுங்க."

சின்னவன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். வாயைத் திறந்தான்.

திறந்த வாயோடு, முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்தான்.